இரண்டு விரற்கடை

ஒரு மணி நேரம் தளதளவென்று கொதித்து முடித்த பாய்லரில், மட்டம் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது.

இருதயராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பனியன் நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பாய்லரின் வயிற்றோடு ஒட்டி நின்ற கண்ணாடிக் குழாயில், கொதிக்க வைக்கும்போது அவர் சாக்பீஸால் இழுத்த கோடு கீழே இருந்தது. பழுப்புநிற மட்டம் மேலே இருந்தது. கொதித்தால் குறைய வேண்டும். மணிக்கு இரண்டு லிட்டராவது ஆவியாகிப் போக வேண்டும். ஆவி போகத்தான் செய்தது. வெந்த பார்லியின் இனிப்பும், பச்சிலையை நசுக்கியது போன்ற ஒரு கசப்பும் கலந்த வாசனை சமையலறையில் நிற்க இடமில்லாமல் நின்றது. ஆனால் ஜன்னல் கண்ணாடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் பிழிந்து கொடியில் போட்ட கைத்துண்டு, சுட்ட அப்பளம் போல் விறைத்துத் தொங்கியது.

கோடு தப்பாகப் போட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டார். முப்பத்தாறு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் கோடு தப்பாகப் போட மாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டில் சௌகரியமானதை நம்பினார்.

கட்கி பஜாருக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் அவரும் மனைவி ராஜியும் இருந்தார்கள். 2003 ஏப்ரல். மகள் ப்ரீதி கம்ப்யூட்டர் வேலையாக ஜெர்மனி போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இருதயராஜ் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற அதே மாதம் ராஜியின் இரண்டு சிறுநீரகங்களும் ஓய்வு பெற்றுவிட்டன. அதிலிருந்து திங்களும் வியாழனும் கேம்ப் ஆஸ்பத்திரி. நாலு மணி நேரம் இயந்திரம். இடது கையில் ஆணி கனத்துக்கு இரண்டு ஊசிகள். உடம்பில் சேரும் தண்ணீரை இறைக்க வேறு வழி கிடையாது. சேரவிட்டால் கால் வீங்கும், முகம் வீங்கும், அப்புறம் மூச்சு முட்டும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் தரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மற்ற ஐந்து நாளும் அவள் தண்ணீர் கேட்பதையும் தான் இல்லை என்பதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல்தான் அவர் பீர் காய்ச்ச ஆரம்பித்தார். பார்லியை அவரே ஊறவைத்து, முளைகட்டி, மொட்டைமாடியில் காயப்போட்டார். கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் என்கிற காய்ந்த பூவை ப்ரீதி தபாலில் அனுப்பினாள். ராஜிக்குப் பார்லிக் கஞ்சி காய்ச்சுகிறார் என்று கட்டடமே நம்பியது. நம்பாதவர் ஒருவர்தான்: கீழ்வீட்டு ஜம்புநாதன், பாங்கில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் பாட்டிலில் ஒரு வாய் எடுத்தவர், நேராக வாஷ்பேசினை நோக்கி நடந்தார்.

“ஓய் இருதயம், முட்டைக்கோஸ் வேகவெச்ச தண்ணியைக் குடுத்துட்டு பீருங்கறீரே. மனசாட்சி வேண்டாமா?”

இருதயராஜ் மூன்று நாள் தூங்கவில்லை. ப்ரீதிக்கு போன் போட்டார்.

“கொதி பத்தலப்பா. நல்லா உருண்டு உருண்டு கொதிக்கணும். அப்போதான் அந்த ஸ்மெல் போகும்.”

கொதி எப்படிப் பத்தும்? பாய்லர், டீ போடுகிற ஜாதி. பழைய இரும்புக்கடையில் வாங்கியது. எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குக் கடைக்காரன், “கேன்டீன் மால் ஹை, சாச்சா”, கேன்டீன் சரக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான். கொதி வரும் நேரத்துக்கு உள்ளேயிருந்து ‘டிக்’ என்று அணைந்துவிடும். கொஞ்சம் ஆறினால் ‘டிக்’ என்று மறுபடி எரியும். முனகுமே தவிரக் கொதிக்காது. முப்பத்தாறு வருஷம் அவரைப் பார்த்து நிறுத்து, நிறுத்து என்று சொல்ல ஃபோர்மன் இருந்தான். இப்போது டாக்டர் இருக்கிறார். இவர்களோடு ஒரு தகரப் பாத்திரமும் சேர்ந்துகொண்டதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கவிழ்த்துப் போட்டு அடித்தகட்டைக் கழற்றினார். சூடு மீறினால் அணைக்கிற தெர்மோஸ்டாட் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தன. ஒன்று கெட்டால் அடுத்தது அணைக்கட்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருந்தது. முதலாவது கம்பெனி வைத்தது. மற்ற இரண்டையும் பிற்பாடு யாரோ கையால் பற்றவைத்திருக்கிறார்கள். பற்றவைத்த கை நடுங்கியிருக்க வேண்டும். ஈயம் புழுப் புழுவாக வழிந்து உறைந்திருந்தது.

“பயந்தாங்கொள்ளி” என்றார் இருதயராஜ், முகம் தெரியாத அந்த ஆளை.

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் கட்-அவுட் அடிக்கடி விழுந்து வேலை நின்றால், அதைச் சுற்றிக்கொண்டு ஒரு துண்டு வயரைப் போட்டு லைனை ஓடவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து முறையாகச் சரிசெய்துகொள்ளலாம். ஜம்பர் என்று பெயர். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று யாரும் எழுதி வைப்பதில்லை. இருதயராஜ் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஜம்பராகப் போட்டார். பழைய கீசரின் ஹீட்டர் சுருள் ஒன்றையும் பக்கவாட்டில் துளைபோட்டுப் பொருத்தி, அதற்குத் தனி லைன் இழுத்து, சூடு வீணாகாமல் சுற்றிலும் கம்பளி கட்டி, இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தார்.

அன்றைக்குக் கொதித்ததுதான் கொதி. நடுவில் மலையாக எழுந்து ஓரத்தில் கவிழ்ந்தது. கலங்கலெல்லாம் முட்டையை உடைத்து ஊற்றினாற்போல் திரிதிரியாகப் பிரிய, அடியில் நிறம் தேனாகத் தெளிந்தது. முட்டைக்கோஸ் வாசனை கிட்டவே வரவில்லை. ஒரு மணி நேரம் அவர் ராஜாவாக நின்றார். அதற்கப்புறம்தான் மட்டத்தைப் பார்த்தார்.

“இங்க வாங்களேன்” என்று ராஜி அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

கட்டிலில் உட்கார்ந்து புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கி, தன் காலைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். வீங்கி மினுமினுத்து, விரலை வைத்தால் குழி விழுந்து நிற்கிற கால். அதில் இப்போது கணுக்கால் எலும்பு தெரிந்தது.

“ஏக்தம் லேசா இருக்குதுங்க. யாரோ மூட்டைய எறக்கி வெச்ச மாதிரி. எனக்குக் கணுக்கால் இருந்ததே மறந்துபோச்சு.”

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்த்த பையன் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மாவ்ஷி, ஆஜ் பாணீ கமீ” என்று சந்தோஷப்பட்டான். வழக்கமாகச் சேருவதில் இரண்டரை கிலோ தண்ணீர் குறைச்சல். திரும்பும்போது பஸ்ஸில் இருதயராஜ் டிக்கெட்டின் முதுகில் கணக்குப் போட்டார். பாய்லரின் அகலம், இரண்டு விரற்கடை உயரம். இரண்டே முக்கால் லிட்டர். கைத்துண்டுக்குக் கால் லிட்டர் கழித்தால் சரியாக வந்தது.

பயந்தார். ஏப்ரல் வெயிலில் முழங்கை மயிர் நட்டுக்கொண்டது. ஆனால் பக்கத்தில் ராஜி ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள், ஊசி குத்திய கையில் சுற்றியிருந்த துணியில் இரண்டு சிவப்புப் பொட்டுகள் பெரிதாகிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கப் பார்க்க, இரண்டு பேர் இருக்கையில் மூன்றாவது ஆள் இடித்துக்கொண்டு உட்காருவது போல், அந்தப் பயத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“அப்போ வியாழக்கிழம ஊசி வேணாம்” என்றாள்.

“இது இன்னான்னே புரியல, ராஜி.”

“அந்த மெஷினு மட்டும் புரிஞ்சுதா உங்களுக்கு? கைய நீட்டுன்னாங்க, நீட்டிக்கினு இருக்கேன்.”

“ஏதாச்சும் ஆயிட்டா?”

“செத்தா கணுக்காலோட சாவறேன். போங்க, பார்லிய ஊறவைங்க.”

புதன்கிழமை சோதனை. முளைகட்டிய பார்லி போதுமான அளவு கைவசம் இருந்தது. அரை மணி நேரம்தான் கொதிக்கவிட்டார். ஒரு விரற்கடை ஏறியது. ராஜியின் கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகள் காணாமல் போயின. கல்யாண ஃபோட்டோவில் இருந்த தாடை திரும்பி வந்தது. அவள் கண்ணாடி முன்னால் நின்று பொட்டை இரண்டு தரம் மாற்றி வைத்தாள்.

வேறு சிலவும் நடந்தன. அலமாரியில் இருந்த வேளாங்கண்ணித் தீர்த்த பாட்டில், மூடி திறக்காமலே பாதி ஆகியிருந்தது. சுவரில் ட்யூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருந்த பல்லி தரையில் விழுந்தது. விழுந்த சத்தம் பல்லி விழுந்த சத்தமாக இல்லை, சருகு விழுந்த சத்தமாக இருந்தது. இருதயராஜ் அதைத் துடைப்பத்தால் முறத்தில் தள்ளினார். தள்ளும்போது அது பொடிந்தது. பல்லி சாகாதா என்று அவர் கேட்டுக்கொண்டார். மாடிப்படியில் ஜம்புநாதன், மொட்டைமாடித் தொட்டி ஏன் சீக்கிரம் காலியாகிறது என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். இருதயராஜ் கதவைச் சாத்தினார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வாராந்திர மின்வெட்டு; சாயங்காலம் வரைக்கும் கரண்ட் வராது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எட்டு மணிக்கே போட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் அடித்தது. ராஜி ரிசீவரை எடுத்துக் கீழே படுக்க வைத்தாள்.

திங்களுக்கு அப்புறம் சேர்ந்ததில் மிச்சம் ஒன்றரைக் கிலோ. அதற்கு எத்தனை விரற்கடையோ அங்கே சாக்பீஸ் கோடு. அதைத் தொட்டதும் ஸ்விட்ச். அவ்வளவுதான். அவருடைய பாய்லர், அவருடைய ஜம்பர், அவருடைய கோடு; யாருக்கும் கையை நீட்ட வேண்டியதில்லை.

கொதி எழுந்தது. ஹாப்ஸைப் போட்டார். மட்டம் நிதானமாக ஏறியது, மாடிப்படி ஏறும் வயசாளி போல, ஒவ்வொரு படியிலும் நின்று. ஒன்பது பத்துக்குக் கோட்டைத் தொட்டது. இருதயராஜ் ஸ்விட்சை அணைத்தார்.

கொதித்தது.

சூடு மிச்சம் இருக்கும் என்று நின்றார். ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். நடுவில் மலை எழுந்து ஓரத்தில் கவிழ்ந்துகொண்டே இருந்தது. இரண்டு ப்ளக்கையும் பிடுங்கினார். கொதித்தது. வராந்தாவுக்குப் போய் மெயின் ஃப்யூஸைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தார். ஃப்யூஸ் அவர் சட்டைப்பையில் இருந்தது, வயர்கள் தரையில் சுருண்டு கிடந்தன, பாய்லர் கொதித்தது. மட்டம் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை.

சரி. தொழில் தெரிந்தவன் செய்கிற காரியத்தைச் செய்தார். தரையில் படுத்து, செங்கலுக்கு நடுவே கையை விட்டு, குறட்டால் ஜம்பரை வெட்டி இழுத்தார். உள்ளே ‘டிக்’ என்றது. ‘டிக்’ என்றது. ‘டிக்’ என்றது. மூன்றும் அணைந்தன. கையிலிருந்த துண்டு வயர் பானை வயிற்றைத் தொட்டாற்போல் ஜில்லென்று இருந்தது.

கொதித்தது.

பத்து மணிக்குக் கட்டடம் அடங்கியது. எல்லா வீட்டு மின்விசிறியும், கீழ்வீட்டு டி.வி.யும், தெருமுனை மாவு மில்லும் ஒரே நேரத்தில் நின்றன. வெளியே வெள்ளை வெயில். கட்கி முழுக்க ஒரே சத்தம்தான் இருந்தது, அது அவருடைய சமையலறையில் இருந்தது.

எச்சில் விழுங்கப் பார்த்தார். இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, விரல் விட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. குழாயைத் திறந்தார். இருமியது. மண்பானையில் கையை விட்டார். மண் தூசி. வேளாங்கண்ணி பாட்டில் காலி. பாய்லர் அதையும் விடவில்லை.

கதவைத் தட்டும் சத்தம்.

“இருதயம்” என்றது ஜம்புநாதனின் குரல். உப்புத்தாளை மரத்தில் தேய்த்த குரல். “ஒரு வாய் தண்ணி இருக்கா, ஓய்.”

இருதயராஜ் திறக்கவில்லை. இன்னும் ஒரு தட்டு. பிறகு கதவின் மறுபக்கத்தில் மேலிருந்து கீழே ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. மெதுவாக. பேப்பர்காரன் கதவிடுக்கில் செருகுகிற பேப்பர் கனம்கூட அதற்கு இல்லை.

“ஏங்க.”

ராஜி.

அறைக்கு ஓடினார். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் இருந்தது. கணுக்கால் மட்டும்தான் இருந்தது. அதற்கு மேலே தோல், எலும்பைப் பார்த்துப் போர்த்திக்கொண்டது போல் ஒட்டியிருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. இமைக்கும்போது சத்தம் கேட்டது.

“தண்ணி” என்றாள்.

இரண்டு வருஷமாக இல்லை, இல்லை என்று சொன்ன வாய். இப்போது கொடுக்கலாம். ஒரு குடம் கொடுக்கலாம். வீட்டில் பாய்லரைத் தவிர ஈரம் எங்கேயும் இல்லை.

அவளிடமிருந்து எடுத்ததுதானே, அவளுக்கே திரும்பப் போகட்டும் என்று நினைத்தார். தோற்றுப்போக அவருக்குத் தெரியாது. பாய்லர் குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்தார். டபராவில் ஊற்றி ஆற்றினார், உயர்த்தி, உயர்த்தி. தூக்கிய கையில் தோல் சுருங்கிக்கொண்டு வருவதை அவரே பார்த்தார். கொண்டுபோய் அவள் உதட்டில் வைத்தார்.

குடித்தாள். மடக் மடக்கென்று.

“இன்னும்.”

இரண்டாவது டம்ளர். மூன்றாவது. ஏழாவது வரைக்கும் எண்ணினார். ஏழு டம்ளர் உள்ளே போயும் கன்னம் எழவில்லை. சமையலறைக்கு வரும்போதெல்லாம் கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். ஏழு டம்ளர் போயும் மட்டம் இறங்கவில்லை. ஏறியிருந்தது.

எட்டாவதை ஆற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் காலடி கேட்டது. இரண்டு வருஷமாக அவர் பிடித்து நடத்திப்போன ராஜி, யார் துணையும் இல்லாமல் வந்தாள். தரையில் சருகு இழுபடும் சத்தம். அவரைத் தாண்டினாள். டம்ளரைப் பார்க்கவில்லை.

“சுடும், ராஜி.”

சொன்னாரா, நினைத்தாரா, தெரியவில்லை. நாக்கு ஒட்டியிருந்தது.

அவள் பாய்லருக்கு முன்னால் மண்டியிட்டு, குழாயைத் திருப்பி, வாயை வைத்தாள்.

இருதயராஜ் தோளைப் பிடித்து இழுத்தார். புடவைக்குள் எதுவோ நொறுங்கியது. கையை எடுத்துவிட்டார். பாய்லரைக் கட்டிப்பிடித்துத் தள்ளிப் பார்த்தார், கம்பளியோடு, மார்போடு. செங்கல்கூட அசையவில்லை. மூச்சு வாங்கியது. மூச்சில் ஆவி இல்லை. போகமாட்டேன் என்றார், சத்தம் வராத வாயால், பாய்லரைப் பார்த்து. கதவைத் திறக்கவில்லை, தெருவுக்கு ஓடவில்லை. அவளுக்குப் பக்கத்தில், சுவரில் முதுகு சாய்த்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார்.

ஜன்னல் வெயில் சரிந்து வந்து ராஜியின்மேல் விழுந்தது. விழுந்து நிற்கவில்லை. அவள் வழியாகவே புகுந்து எதிர்ச்சுவரில் மஞ்சளாகப் படிந்தது. காய்ந்த அரசிலையைச் சூரியனுக்கு நேரே பிடித்தால் தெரிவது போல், கழுத்திலும் முதுகிலும் நீட்டிய கையிலும் நரம்பு நரம்பாகக் கோடுகள் தெரிந்தன. ஒவ்வொரு கோட்டிலும் பழுப்புநிறக் குமிழ்கள், ஒன்றன்பின் ஒன்றாக, உருண்டு உருண்டு, பாய்லரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

அவள் இன்னும் வாயை எடுக்கவில்லை.